மிதவைக்கும் கோட்டுக்கும் நடுவே

பட்டது. இல்லை, பட்ட மாதிரி இருந்தது. பட்டதற்கும் பட்ட மாதிரி இருந்ததற்கும் நடுவில் கொஞ்சமாவது இடம் இருக்கத்தானே செய்யும், ஒரு படகு புகுந்து வெளியே வருகிற அளவுக்கு இல்லாவிட்டாலும் ஓர் ஆள் மூச்சு விடுகிற அளவுக்காவது என்று அங்கயற்கண்ணி நினைத்தாள். நினைத்துக்கொண்டே சுக்கான் கட்டையை இழுத்துப் பிடித்தாள். கட்டை ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி உள்ளங்கைக்குள் கிடந்தது. ஆனால் சற்று முன், பந்தயத்தின் கடைசித் திருப்பத்தில், அந்த ஆரஞ்சு மிதவையை இடப்பக்கம் விட்டு அவள் படகை வளைத்தபோது, முன்பக்கம் சுளுவாகத் தாண்டிவிட்டது, நடுப்பக்கமும் தாண்டிவிட்டது, சரி வந்தாச்சு என்று அவள் மூச்சை விட்ட அந்த நொடியில் பின்பக்கம் மட்டும் நீரோட்டத்தில் ஒரு சாண் நகர்ந்து, தொப் என்று, அடுத்த அறையில் யாரோ தலையணையைக் கீழே போட்ட மாதிரி. சத்தம் என்றுகூடச் சொல்ல முடியாது. தேக்குப் பலகைக்குள் ஓடி, சுக்கானுக்குள் ஏறி, அவள் கைக்கு மட்டும் வந்து சேர்ந்த ஒரு சேதி. மிதவை காற்றடைத்த ரப்பர். அது எதையும் சொல்லாது. மரம் சொல்லிவிட்டது. மிதவையைத் தொடக் கூடாது, தொட்டால் உடனே மற்றப் படகுகளை விட்டு ஒதுங்கிப் போய்ப் படகை ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டுத்தான் மேலே போக வேண்டும், அதுதான் விதி. விசில் ஊதுகிறவன், அட்டை காட்டுகிறவன் எவனும் இந்தக் கடலுக்குள் கிடையாது. தொட்டவளே தனக்குத் தண்டனை கொடுத்துக்கொள்ள வேண்டும். சட்டக் கல்லூரியில் முதல் வருஷம் இதைக் கேள்விப்பட்டபோது, என்ன அழகான முட்டாள்தனம், குற்றவாளியே நீதிபதியா என்று ஹாஸ்டல் மெஸ்ஸில் உட்கார்ந்து செலினோடு மல்லுக்கட்டியிருக்கிறாள். செலின் தூத்துக்குடிக்காரி. "ஏட்டி, அங்கன கடலுக்குள்ள போலீஸ் ஸ்டேஷனா கட்டி வச்சிருக்கு?" என்றாள் அவள், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல். அந்தச் செலின்தான் இப்போது படகின் முன்பக்கத்தில், முன்பாயின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாள். முதுகு எதையாவது சொல்கிறதா? முதுகு ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றாவது. மூன்றாவதாகப் போய்க்கொண்டிருக்கிறோம். முன்னால் வாடை, அதற்குப் பின்னால் சோழகம், அப்புறம் நாம், கொண்டல். நமக்குப் பின்னால் ஒட்டினாற்போல் கோடை, எட்டத்தில் தென்றலும் கச்சானும். ஆறு படகு, ஆறும் காற்றுகளின் பெயர், ஆறும் ஒரே வரைபடத்தில் ஒரே பட்டறையில் ஒரே மரத்தை அறுத்துச் செய்தவை, அவளுடைய அம்மா பிறப்பதற்கு முன்பே. நீளம் ஒன்று, பாய்மரம் ஒன்று, பாயின் அளவு ஒன்று. எவனாவது புத்திசாலி அடிப்பலகையை இழைத்து எடையைக் குறைத்துவிடக் கூடாது என்று வருஷா வருஷம் கிரேனில் தூக்கி நிறுப்பார்கள். இலேசாகிப்போன படகுக்கு ஈயக்கட்டி வைத்து மற்றதோடு சமமாக்குவார்கள். கொண்டலில் இரண்டு ஈயக்கட்டிகள் நடு இருக்கைக்கு அடியில் போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கின்றன. படகு யாருக்கும் சொந்தமில்லை, பந்தயத்தன்று காலையில் பழைய பிஸ்கட் டப்பாவில் சீட்டுக் குலுக்கிப் போட்டு எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். படகெல்லாம் ஒன்று, ஜெயிக்கிறவன் படகால் ஜெயிப்பதில்லை, ஆளால் ஜெயிக்கிறான். இதைச் சொல்லிச் சொல்லித்தான் அந்தப் பாய்மரப் படகுக் கிளப்பில் எல்லாரும் பூரித்துப்போவார்கள். அவளுக்கு அதைக் கேட்டால் காதில் புகை வரும். ஏனென்றால் மாணவ உறுப்பினர் பாய் இழுக்கலாம், கயிறு சுருட்டலாம், படகுக்குள் ஊறி வரும் தண்ணீரை மொண்டு ஊற்றலாம், பந்தயத்தில் சுக்கானை மட்டும் தொடக் கூடாது. முழு உறுப்பினர்தான் தொடலாம். முழு உறுப்பினர் யார்? அப்பா முழு உறுப்பினராக இருந்தவர்கள். செயலாளர் நம்பெருமாள் கூட்டத்தில் குழைந்து குழைந்துதான் சொன்னார், "படகு எல்லாம் ஒண்ணுதாம்மா, அனுபவம்னு ஒண்ணு இருக்கில்லையா." "அனுபவம் எங்க சார் கிடைக்கும்? தி.நகர்ல விக்கிறாங்களா?" என்று அவள் எழுந்து நின்றுவிட்டாள். படகை நிறுக்கிறீர்களே, ஆளை நிறுத்தீர்களா? பிறக்கும்போதே இலேசாகப் பிறந்தவன் இருக்கைக்கு அடியில் யாராவது ஈயக்கட்டி வைத்தீர்களா? யாரோ கை தட்டினார்கள், யாரோ இருமினார்கள். மூன்று கூட்டம், நாற்காலி உடையாத குறை. கடைசியில் இறங்கி வந்தார்கள். ஒரே ஒரு பந்தயம். ஒரு முழு உறுப்பினர் கூட உட்கார்ந்திருக்க வேண்டும், ஆனால் அவர் வாயைத் திறந்து யோசனை சொல்லக் கூடாது. முதல் மூன்றுக்குள் வந்தால் மாணவர்களும் சுக்கான் பிடிக்கலாம் என்று விதியையே திருத்துவோம். வராவிட்டால், அம்மா தாயே, இந்தப் பேச்சை இத்தோடு விட்டுவிட வேண்டும். ஆக இப்போது அவள் கையில் இருப்பது அவளுடைய சுக்கான் மட்டுமில்லை. காத்திருக்கிற மாணவர் வரிசையில் அடுத்த பேர் செலினுடையது. அதற்கடுத்து மைக்ரோபயாலஜி படிக்கிற அந்த ஒல்லிப் பெண். அதற்கும் பின்னால் இன்னும் பேரே தெரியாதவர்கள்.

"சூப்பர் டர்னிங், கண்ணி!" என்று பின்னாலிருந்து கத்தல் வந்தது. கோடையின் சுக்கானில் இருக்கிற நந்தகிஷோர். கப்பல் ஏஜென்ட் குடும்பம், மூன்று தலைமுறையாகக் கிளப், காதில் புகை வர வைக்கிறவர்களிலேயே முதல் ஆள், இப்போது கட்டை விரலை உயர்த்திக் காட்டிச் சிரிக்கிறான், மனதாரச் சிரிக்கிறான், பாவி. மிதவைக்கும் அவன் படகுக்கும் நடுவில் இருந்த சந்தில் அவள் புகுந்து திருப்பினதற்குத்தான் இந்தப் பாராட்டு. அப்படியானால் அவன் பார்க்கவில்லை. அவன் பக்கத்திலிருந்து பார்த்தால் கொண்டலின் உடம்பு மிதவையை மறைத்திருக்கும். பார்த்திருந்தால் சிவப்புக் கொடியைக் காட்டி ஆட்சேபணை என்று கத்தியிருப்பான், அதுதான் முறை, கத்தியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். கத்தினால் சண்டை போடலாம். சண்டை அவளுக்கு வரும். சிரிப்பவனை என்ன செய்வது? அவளும் கையை ஆட்டினாள். ஆட்டின கை யாருடையதோ மாதிரி இருந்தது. நடு இருக்கையில் ஈயக்கட்டிகளுக்கு மேலே ரகோத்தமன் டாக்டர், கூட வர ஒப்புக்கொண்ட ஒரே முழு உறுப்பினர், பல் டாக்டர். ஊரையே ஆ காட்டு ஆ காட்டு என்பவரை வாயை மூடிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று செலின் காலையிலிருந்து ஓட்டிக்கொண்டிருந்தாள். அவர் நிஜமாகவே உதட்டை இறுக்கி, தொப்பியைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டு, பாயையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். பார்த்தாரா? பார்த்துவிட்டு, சொல்லக் கூடாது என்பதால் சொல்லாமல் இருக்கிறாரா? மிதவையைத் தொட்டாய் என்பது யோசனையில் சேருமா, தகவலில் சேருமா? இதை மட்டும் தனியாக ஒரு நாள் வாதாடலாம். இரண்டு பக்கமும் அவளே பேசுவாள்.

முதலில் எதிர்த்தரப்பு. பட்டது என்பதற்குச் சாட்சி யார்? ஒரு கை. அந்தக் கை யாருடையது? அதிகாலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத, பயந்துபோன ஒரு பெண்ணுடையது. அந்தக் கை இதற்கு முன் பந்தயத்தில் எத்தனை தடவை சுக்கான் பிடித்திருக்கிறது? பிடித்ததே இல்லை. விட்டால்தானே பிடிப்பதற்கு. அப்படியானால் ஒரு அலை வந்து இடிப்பதற்கும் மிதவையில் இடிப்பதற்கும் வித்தியாசம் அந்தக் கைக்கு எப்படித் தெரியும்? இது கிழட்டுப் படகு, முனகிக்கொண்டேதான் போகும். சீசன் தொடக்கத்தில் காய்ந்து கிடந்ததைத் தண்ணீரில் இறக்கி உளுந்து மாதிரி ஊறப்போட்டு, பலகை உப்பி இடுக்கெல்லாம் தானாக மூடின பிறகுதான் ஓட்டவே முடியும், அதில் ஒரு தொப் கேட்டால் அது ஆயிரத்தில் ஒரு தொப். சந்தேகத்தின் பலன் யாருக்கு? சரி, பட்டதென்றே வைத்துக்கொள்ளுங்கள். விதியைப் போட்டது யார்? எங்களை உள்ளே விடாதவர்கள். எங்களைக் கேட்காமல் போட்ட விதிக்கு நாங்கள் ஏன் கட்டுப்பட வேண்டும்? இங்கே வந்ததும் அவளுக்கே கொஞ்சம் கூசியது. சுக்கான் பிடிக்கக் கூடாது என்ற விதியும் மிதவையைத் தொடக் கூடாது என்ற விதியும் ஒரே தாளில் இருக்கலாம், ஆனால் ஒரே ஜாதி இல்லை. முதலாவது ஆள் பார்த்துப் போட்டது. இரண்டாவது ஆள் பார்க்காதது. ஆள் பார்க்காத விதிதானே அவள் மூன்று கூட்டமாகக் கேட்டுக்கொண்டிருந்தது? உதட்டில் உப்பு. சுக்கான் கட்டையின் வார்னிஷ் வெயிலில் இளகிப் பிசுபிசுத்தது, கையை எடுத்தால் ஒட்டிக்கொண்டு வரும்போல் இருந்தது. திரும்பிப் பார்க்க வேண்டும்போலவும் பார்க்கக் கூடாதுபோலவும் இருந்து, கடைசியில் பார்த்தாள். மிதவை பின்னால் நின்றபடி ஆடிக்கொண்டிருந்தது, தலையை ஆட்டுவது மாதிரி. எல்லா மிதவையும்தான் ஆடும். காற்றில் ஆடும், நீரோட்டத்தில் ஆடும், கோடை கிளப்பின அலையில் ஆடும். அதையெல்லாம் சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது.

காற்று குறைந்துகொண்டே வந்தது. துறைமுகத்தின் வெளிச்சுவருக்கு மேலே கிரேன்கள் கழுத்தை நீட்டிக்கொண்டு அசையாமல் நின்றன. பந்தயம் முடிகிற கோடு தெரிந்தது: ஒரு பக்கம் கமிட்டிப் படகு, அதில் குடை பிடித்துக்கொண்டு நம்பெருமாள், மறுபக்கம் கொடி நட்ட ஒரு மிதவை, இரண்டுக்கும் நடுவில் ஒன்றுமில்லாத தண்ணீர், அந்த ஒன்றுமில்லாததைத் தாண்டினால் ஹாரன் அடிப்பார்கள், எல்லாம் மாறிவிடும். இப்போதே ஒரு சுற்று சுற்றிவிட்டால்? சுற்றினால் கோடை போய்விடும், இந்தக் காற்றில் தென்றலும் வந்துவிடும். சுற்று. அம்மா நேற்று ராத்திரி போனில் அழாத குறையாகக் கேட்டாள், "தெப்பத்துக்குக்கூட வர மாட்டியாடி?" மதுரையில் இன்று தெப்பம். வைகையில் தண்ணீர் இல்லாத ஊர்ப் பெண் படகு ஓட்டப் போகிறாள் என்று அம்மா தெருவெல்லாம் சொல்லிச் சிரிப்பாள், சிரித்துவிட்டு அந்தப் பக்கம் போய்ப் பெருமைப்படுவாள். அங்கயற்கண்ணி முதன்முதலில் மிதக்கிற ஒன்றைப் பார்த்தது அங்கேதான், அப்பாவின் தோளில் உட்கார்ந்து. விளக்குப் போட்ட தெப்பம் நடு மண்டபத்தைச் சுற்றி வந்தது. ரொம்ப நேரம் கழித்துத்தான் கரையில் வடத்தைப் பிடித்து இழுக்கிறவர்கள் கண்ணுக்குத் தெரிந்தார்கள். "அப்பா, அதாப் போகலையா, இழுக்குறாங்களா?" என்று கேட்டாள், ஏமாந்துபோய். "இழுத்தாத்தான போகும்" என்றார் அப்பா. அப்பா மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். பள்ளிக்கூடம் விட்டு அவருடைய கூண்டில் போய் உட்கார்ந்திருப்பாள். டிரைவர்கள் வந்து ஜன்னலில் தலையை விட்டு மன்றாடுவார்கள். மேலூரில் கல்யாண ஊர்வலம் சார், ரெண்டு நிமிஷம்தானே சார், லெவல் கிராசிங் சார், ஆடு சார். ஆள்மாற்றி ஆள் என்ன அழகாகப் பேசுவார்கள், அவள் பேசக் கற்றுக்கொண்டதே அந்த ஜன்னலில்தான். அப்பா எல்லாவற்றையும் கேட்பார், தலையாட்டுவார், கோபமே வராது அவருக்கு. "எல்லாம் சரிதாண்ணே. நீங்க சொல்லி முடிக்கிறதுக்குள்ள இன்னும் ரெண்டு நிமிஷம் போயிருச்சு பாருங்க. வண்டிய எடுங்க."

உடனே. விதியில் அந்த வார்த்தை இருக்கிறது. தொட்டால் உடனே ஒதுங்கி உடனே சுற்ற வேண்டும். மிதவையைத் தொட்டுவிட்டு, பாதி வழி வந்து, சௌகரியமான இடம் பார்த்துச் சுற்றினால் அது சுற்றே இல்லை, கணக்கில் வராது. ஒரு மனுஷி தொட்ட அந்த நிமிஷமே கட்டையைத் தள்ளியிருந்தால் ஒரு சுற்று, கோடையை விட்டுவிட்டு நான்காவது, காற்று இருந்தது அப்போது, கடைசிக் கால்வாசியில் பிடித்துக்கூட இருக்கலாம். இவளோ உட்கார்ந்து வாதாடினாள். இரண்டு பக்கமும் வாதாடினாள். தீர்ப்பு வருவதற்குள் தண்டனையின் காலம் போய்விட்டது. இப்போது சுற்றுவதற்கு ஒன்றும் இல்லை; கோட்டைத் தாண்டாமல் விலகிக்கொள்வது ஒன்றுதான் பாக்கி. நான்காவதுகூட இல்லை, ஐந்தாவதுகூட இல்லை. பந்தயத்திலேயே இல்லை. இல்லை, இதற்கும் ஒரு பதில் இருக்கும், உடனே என்பதன் பொருள் என்ன, சூழ்நிலைக்கேற்ற நியாயமான காலம் என்று... வாயை மூடு. கோடு நெருங்கியது. சோழகம் தாண்டினதற்கு ஹாரன் அடித்தது. எல்லாப் படகும் ஒரே எடையாக இருக்க வேண்டும் என்று கிரேனில் தூக்கி நிறுக்கிறார்கள், ஆனால் கொண்டல் இந்த நிமிஷம் ஒரு சுற்றின் எடை குறைச்சலாகப் போய்க்கொண்டிருக்கிறது, அது எந்தத் தராசிலும் காட்டாது. அவள் கைக்கு மட்டும் தெரியும், கட்டை அவ்வளவு இலேசாக இருந்தது. செலினை நினைத்தாள். மன்னிச்சுக்கோட்டி என்று அவள் பாஷையிலேயே மனதுக்குள் சொன்னாள். கட்டையைத் தள்ளினாள்.

படகின் மூக்கு மெல்லத் திரும்பிக் கமிட்டிப் படகுக்கு வெளிப்புறமாகப் போயிற்று. "கொண்டல்! ஏம்மா, கோடு இந்தப் பக்கம்! எங்க போறே?" என்று நம்பெருமாள் குடையோடு எழுந்துவிட்டார். "விலகிக்கறோம் சார். கடைசி மிதவையில பட்டுடுச்சு." அவர் அக்கம்பக்கம் பார்த்தார். "யாரு ஆட்சேபணை கொடுத்தா?" "யாரும் கொடுக்கல சார்." "பட்ட உடனே சுத்தியிருக்கலாமேம்மா?" அவள் வாயைத் திறந்தாள். கூட்டத்தில் நாற்காலிகளை அதிர வைத்த வாய். "யோசிச்சிட்டு இருந்தேன் சார்" என்றுதான் வந்தது. கமிட்டிப் படகில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நம்பெருமாள் சிரிக்கவில்லை. குடையை மடக்கினார், எதற்கென்று தெரியாமல் திரும்ப விரித்தார். பின்னால் கோடை கோட்டைத் தாண்டியது, மூன்றாவது ஹாரன் அடித்தது. நந்தகிஷோர் கட்டை விரலை உயர்த்தவில்லை. இவர்களையே பார்த்துக்கொண்டு போனான், என்ன ஆயிற்று என்று இரண்டு கையையும் விரித்தபடி.

"இப்ப பேசலாமா?" என்றார் ரகோத்தமன் டாக்டர். "பேசுங்க டாக்டர். பந்தயம் முடிஞ்சிடுச்சு." "என்னம்மா நீ!" என்று வெடித்தார் மனுஷர், காலையிலிருந்து அடைத்து வைத்ததெல்லாம் சேர்ந்து. "எனக்கு ஒண்ணுமே தெரியலையேம்மா! யாருமே பாக்கலையே! மூணாவதும்மா, மூணாவது! அந்தப் பரம்பரை மண்டகப்படி ஆசாமிங்க முன்னாடி நான் எப்படி நிமிர்ந்து நடக்கப் போறேன்னு நெனச்சு நெனச்சு..." தொப்பியைக் கழற்றி மடியில் அடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது அவருக்கு. ஆக அவர் பார்க்கவில்லை. யாருமே பார்க்கவில்லை. கொண்டலும் அவளும் மட்டும்தான். இந்தத் தனிமைக்கு அவள் தயாராக இருக்கவில்லை. "நா பாத்தேன்" என்றாள் செலின், இன்னும் திரும்பாமல். பாய் ஒருதரம் படபடத்து அடங்கியது. "என்னது?" "பாத்தம்ட்டி. வளைக்கும்போது நான் பின்னாலதான பாத்துக்கிட்டு இருந்தேன். தொப்புன்னு மோதி ஒரு ஆட்டம் ஆடிச்சுல்லா." "அப்ப ஏன்டி சொல்லல?" செலின் இப்போதுதான் திரும்பினாள். முகமெல்லாம் உப்புத் தண்ணீர், அது கடலா என்று தெரியவில்லை. "நீ எப்படியும் சொல்லிருவேன்னு தெரியும். நீ யோசிச்சு முடிக்கிற வரைக்கும் மூணாவதாப் போவோம்னு பேசாம கெடந்தேன். நல்லாத்தான இருந்துச்சு?" அங்கயற்கண்ணிக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்போடு இன்னொன்றும் வந்தது. அதற்கும் பின்னால், வெட்கமே இல்லாமல், ஒரு வாதம் தலையைத் தூக்கியது: யாரும் பார்க்காதபோதும் விலகிக்கொண்ட ஒருத்தியிடம் சுக்கானைக் கொடுக்க மாட்டீர்களானால் வேறு யாரிடம்... அழகான வாதம். கூட்டத்தில் சொன்னால் ஒருவேளை எடுபடும். எடுபடும் என்று தெரிந்தேதான் விலகினாளோ? அதையும் இனிமேல் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். பேச்சை இத்தோடு விடுவதாக ஒப்புக்கொண்டதையும்.

"ஏட்டி, எந்திரி" என்றாள் செலின், தாழக் குனிந்து பாய்க்கு அடியில் புகுந்து பின்பக்கம் வந்து. "என்னடி?" "அந்த ஒரு சுத்து சுத்தலைல்லா. நான் சுத்துறேன்." "இப்பச் சுத்தி என்னடி பிரயோஜனம்? கணக்குலயே வராது." "வர வேண்டாம். பந்தயத்துக்கு வெளிய யாரு வேணா பிடிக்கலாம்னு இருக்குல்லா? டாக்டர், இருக்கா இல்லியா?" டாக்டர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இருக்கு, பிடி" என்றார். அங்கயற்கண்ணி நகர்ந்து உட்கார்ந்தாள். கையை எடுத்தபோது வார்னிஷ் கொஞ்சம் கூடவே வந்தது. செலின் அந்த இடத்திலேயே பிடித்து, காற்று வருகிற பக்கத்தை ஒருதரம் முகத்தால் தடவிப் பார்த்துவிட்டு, கட்டையைத் தள்ளினாள். எழுபது எண்பது வயசுப் படகு ஒரு முனகலோடு திரும்பியது. பாயின் அடிக்கட்டை குறுக்கே வந்தபோது டாக்டர் குனிந்தார். வெளிச்சுவர் போயிற்று, கிரேன்கள் போயின, கமிட்டிப் படகும் குடையும் அதற்குக் கீழே எழுந்து நின்று பார்க்கிற மனிதர்களும் மெல்லச் சுழன்று போனார்கள். தூரத்தில் ஆரஞ்சாக ஆடுகிற மிதவையும் போயிற்று. திரும்பவும் வெளிச்சுவர் வந்தது. வடத்தைப் பிடித்து யாரும் இழுக்கவில்லை. அங்கயற்கண்ணி உள்ளங்கையைப் பலகைமேல் வைத்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல், முழுச் சுற்றும் முடிகிற வரை உட்கார்ந்திருந்தாள்.